காற்றுக்கும் தண்ணீருக்கும் இடையில்: காரின் சூடு பற்றி ஒரு திறந்த மடல்

காத்தான்குடியிலும் கல்லடி முதல் ஆரையம்பதி வரையான அயலூர்களிலும் கராஜ் நடத்தும் காக்காமாருக்கும், பழைய ஜப்பான் கார்களுக்கு எஞ்சின் மாற்றி, டேர்போ பூட்டி ஓடும் தம்பிமாருக்கும்

பெற்றோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் சில்லுகளைச் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. மிச்சம் இரும்பிலும் அலுமினியத்திலும் ஒயிலிலும் சூடாக ஏறி நிற்கிறது. அதைச் சுமந்துபோய் வெளியே கொட்டுவதுதான் கூலிங் அமைப்பின் வேலை. எழுபது எண்பது குதிரைவலுவுக்குக் கணக்குப் பார்த்துப் பூட்டிய ரேடியேற்றருக்குப் பின்னால் 250 குதிரைவலு எஞ்சின் வந்து உட்கார்ந்தால், முழு வேகத்தில் கொட்ட வேண்டிய சூடு மூன்று மடங்காகிறது. ரேடியேற்றர் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

கராஜ்களில் ‘கூலிங் மாத்துறது’ என்று சொல்லப்படுவது உண்மையில் மூன்று வெவ்வேறு வேலைகள். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃபேனைக் கழற்றி மின்சார ஃபேன் பூட்டுவது ஒன்று. டேர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் காற்று வகையிலிருந்து தண்ணீர் வகைக்கோ, தண்ணீரிலிருந்து காற்றுக்கோ மாற்றுவது இன்னொன்று. எஞ்சினையே காற்றுக் குளிர்விப்பிலிருந்து தண்ணீர்க் குளிர்விப்புக்குக் கொண்டுபோவது மூன்றாவது. இது கராஜில் நடக்கிற காரியமல்ல, வாகனக் கம்பனிகள் பல ஆண்டுகள் போராடிச் செய்தது. ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுப்பதில்தான் பெரும்பாலான காசு வீணாகிறது.

மூன்றாவதின் கதை சுருக்கமானது. தெருவில் ஓடும் பஜாஜ் முச்சக்கரவண்டியின் எஞ்சினைப் பார்த்தால் காற்றுக் குளிர்விப்பின் முழுத் தத்துவமும் தெரிந்துவிடும்: சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாகச் செட்டைகள், அவற்றின் மீது காற்றைத் தள்ள ஒரு விசிறி, அவ்வளவுதான். ஹொண்டா கம்பனியை நிறுவிய சொய்ச்சிரோ ஹொண்டாவுக்கு இதுவே போதும் என்ற பிடிவாதம் இருந்தது. தண்ணீரையும் கடைசியில் காற்றுதானே குளிர்விக்கிறது, பிறகு நடுவில் தண்ணீர் எதற்கு என்பது அவருடைய வாதம். அந்தப் பிடிவாதத்தில் 1968 இல் ஆர்ஏ302 என்ற பந்தயக் காரும், 1969 இல் ஹொண்டா 1300 என்ற வீதிக் காரும் காற்றுக் குளிர்விப்போடு வந்தன. 1972 இல் வந்த சிவிக் தண்ணீருக்கு மாறிவிட்டது. போர்ஷே 911 இன்னும் நீண்ட காலம் தாக்குப்பிடித்து, 1990களின் கடைசியில்தான் தண்ணீருக்குப் போனது.

ஹொண்டாவின் வாதம் பௌதிகப்படி தவறில்லை. அதில் விடுபட்டுப்போனது ஒன்றுதான்: ஒரே கனவளவு தண்ணீர், காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு சூட்டைச் சுமக்கும். காற்று நுழைய முடியாத இடுக்கில், வால்வுக்கும் பிளக்குக்கும் நடுவில் உள்ள சூட்டைத் தண்ணீர்தான் அள்ளிவரும். அள்ளியதை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வரும்போது மறுபடி காற்றிடமே போக வேண்டும். காரில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் இந்த இரண்டு கட்டமாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். சூடு அள்ளப்படாமல் நிற்கிறதா, அள்ளியது கொட்டப்படாமல் நிற்கிறதா?

காத்தான்குடியில் விடை பெரும்பாலும் இரண்டாவதுதான். அதற்குக் காரணம் ஊரின் அமைப்பு. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு. அதன் நடுவே பேரீச்ச மரங்கள் நிற்கும் பிரதான வீதி. கடைகளும் சனமும் நெருங்கிய அந்த வீதியில் கார் ஊர்ந்துதான் போகும். ஊரும் காருக்கு முகப்புக் காற்றுக் கிடையாது. ஏசியின் கொண்டென்சர் வேறு ரேடியேற்றருக்கு முன்னால் நின்று தன் சூட்டையும் அதன் மேல் ஊதுகிறது. யூன், யூலையில் கச்சான் வீசினால் நிலைமை இன்னும் இறுகும். தென்மேல் பருவக் காற்று மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு, கிழக்குச் சரிவில் வறண்டு சூடேறி வருவதுதான் கச்சான். அது கடற்காற்றை அடக்கிவிடும் நாட்களில் மட்டக்களப்பில் வெப்பநிலை 38 பாகை செல்சியஸை நெருங்குவதுண்டு. எஞ்சின் தண்ணீர் 95 பாகையில் இருக்க வெளிக்காற்று 30 இலிருந்து 38 ஆக ஏறினால், இரண்டுக்குமிடையிலான வித்தியாசம் 65 இலிருந்து 57 ஆகிறது. ரேடியேற்றர் கொட்டக்கூடிய சூட்டில் எட்டில் ஒரு பங்கு அதோடு போய்விடும். மாசி மாதத்தில் ஒரு குறையுமில்லாமல் ஓடிய கார் ஆனியில் கொதிப்பதற்கு மர்மமான காரணம் தேடத் தேவையில்லை.

ஃபேன் மாற்றத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். டொயோட்டா கொரொல்லா டீஎக்ஸ் வேகன் இலங்கை முழுவதும் மாற்றியமைப்போரின் செல்லப்பிள்ளை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டதால் அப்படியான பழைய வண்டிகளின் மதிப்பு மேலும் ஏறியது. அவற்றில் முதலில் வந்த கே வகை எஞ்சினில் ஃபேன், தண்ணீர்ப் பம்பின் நுனியில் நின்று எஞ்சினோடு சுழலும். எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் ஃபேனும் மெதுவாகத்தான் சுழலும். ஆனால் கார் வீதியில் ஊர்ந்து, காற்று மிக அதிகமாகத் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான். நெடுந்தெருவில் காற்று தானாகவே போதுமான அளவு வரும்போதோ அந்த ஃபேன் சுழன்று சுழன்று வலுவைத் தின்னும். மின்சார ஃபேனுக்கு இந்தக் குறை இல்லை. எஞ்சின் வேகம் எதுவானாலும் அதன் வேகம் மாறாது. ஆகவே இவ்வூருக்கு இந்த மாற்றம் பொருத்தமானது என்று தயங்காமல் சொல்லலாம்.

மாற்றம் பிழைப்பது பெரும்பாலும் சுற்றுவேலையில். ஃபேனைச் சுற்றியிருந்த பிளாஸ்ரிக் கூண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் ஃபேனை ரேடியேற்றரின் செட்டைகளில் பிளாஸ்ரிக் ஊசியால் கோத்துக் கட்டும் வழக்கம் உண்டு. அப்போது ஃபேனின் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியில் மட்டும் காற்று இழுபடும். மூலைகள் நான்கும் சும்மா நிற்கும். ஊசி உராய்ந்து குழாயில் துளை விழுவது கொசுறு. கூண்டு ரேடியேற்றரின் முழு முகத்தையும் மூடி, விளிம்பில் இறப்பர் பட்டியோடு பொருந்தியிருக்க வேண்டும். ஒரு பெரிய ஃபேன் 20 அம்பியர் வரை இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைவிடக் கூடுதல். அதை டாஷ்போர்ட் சுவிட்ச் வழியாக நேரே ஓட்டினால் சுவிட்ச் உருகும். தடித்த வயர், தனி பியூஸ், ரிலே மூன்றும் கட்டாயம். ஒல்டனேற்றர் சும்மா சுழலும்போது எவ்வளவு மின் தருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஃபேன், ஏசி, ஹெட்லைற் எல்லாம் ஒன்றாக எரியும் இரவில் பற்றரி இறங்கிப்போவது இதனால்தான். வயர் மாறிப் பூட்டிய ஃபேன் எதிர்ப்பக்கம் ஊதுவதும் நடப்பதுதான். ரேடியேற்றரின் முன்பக்கம் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் ஃபேன் காற்றை எதிர்த் திசையில் தள்ளுகிறது.

ஃபேனைத் தானாக இயக்கும் சென்சர் சுமார் 95 பாகையில் அதை ஓடவிட்டு 88, 90 இல் நிறுத்தும்படி இருப்பது வழக்கம். அதோடு சேர்த்து, சாரதி விரும்பினால் முன்கூட்டியே போட்டுக்கொள்ள ஒரு கைச் சுவிட்சும் வைக்கலாம். கைச் சுவிட்சை மட்டுமே நம்பிய கார்கள், மறதியால் ஹெட் கேஸ்கற்றை இழந்திருக்கின்றன.

கூலிங் அமைப்பில் கம்பனியே வைத்த ஒரு சுவிட்ச் தெர்மோஸ்டற். எஞ்சின் குளிராக இருக்கும்வரை தண்ணீரை உள்ளேயே சுற்றவிட்டு, 82 அல்லது 88 பாகை வந்ததும் ரேடியேற்றருக்கு வழி திறப்பது அது. சூடான ஊருக்கு அது வேண்டாம் என்று கழற்றி எறிவது இலங்கையின் பழைய கராஜ் நம்பிக்கை. சில எஞ்சின்களில் இது நேர்மாறான பலனைத் தரும். அவற்றின் தெர்மோஸ்டற்றில் கீழே இன்னொரு சிறிய தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு இறங்கி பைபாஸ் வழியை அடைக்கும். முழுவதையும் கழற்றிவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். கொதிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றரைக் காணாமலே எஞ்சினுக்குத் திரும்பும். குளிர்விக்கச் செய்த வேலை சூடேற்றும் வேலையாகிவிடும். மற்ற எஞ்சின்களில் கார் எப்போதும் குளிராகவே ஓடும். கணினி அதை இன்னும் சூடாகாத எஞ்சின் என்று எண்ணிக் கூடுதல் பெற்றோலை ஊற்றும். சிலிண்டர் சுவரில் ஒயில் கழுவப்படும்.

இனி இன்டர்கூலர். தம்பிமாரின் விவாதமெல்லாம் இதில்தான், செலவும் இதில்தான்.

டேர்போ காற்றை அமுக்கும்போது காற்று சூடாகிறது. சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுவதும் இதனால்தான். 35 பாகைக் காற்றை ஒரு பார் பூஸ்ற்றுக்கு அமுக்கும்போது, நல்ல டேர்போவிலும் அது சுமார் 130 பாகையில் வெளியே வரும். சூடான காற்று ஐதானது. எஞ்சினுக்குள் ஒட்சிசன் குறையும், நொக்கிங் தொடங்கும். இன்டர்கூலர் அதை 65 பாகைக்கு இறக்கினால், அதே பூஸ்ற்றில் எஞ்சினுக்குள் போகும் காற்றின் நிறை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடும். 300 குதிரைவலு தரும் எஞ்சினில் இப்படி இறக்க வேண்டிய சூடு சுமார் 15 கிலோவாற்று. வீட்டில் தேத்தண்ணிக்குப் பாவிக்கும் 1,500 வாற் கேத்தல் பத்தை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம்.

காற்று வகை இன்டர்கூலர் இந்தச் சூட்டை நேரடியாக முகப்புக் காற்றில் கொட்டுகிறது. தண்ணீர் வகை, முதலில் தண்ணீரில் இறக்கி, ஒரு மின்பம்பால் அந்தத் தண்ணீரை முன்னாலுள்ள இன்னொரு சிறு ரேடியேற்றருக்கு அனுப்பி, அங்கே கொட்டுகிறது. எது சிறந்தது என்பதில் கம்பனிகளே ஒரு நிலையில் நின்றதில்லை. டொயோட்டா செலிக்கா ஜீடீ-ஃபோரின் முதல் வடிவம் 1986 இல் தண்ணீர் வகையோடு வந்தது. 1989 இல் வந்த அடுத்த வடிவம் காற்றுக்கு மாறியது. உலக ரலிப் போட்டிக்குத் தகுதிபெற 5,000 என்ற கணக்கில் 1991 இல் செய்யப்பட்ட அதன் சிறப்புப் பதிப்பு, சில நாடுகளில் ரலிச் சாரதி கார்லோஸ் செய்ன்ஸின் பெயரோடு விற்கப்பட்டு, மறுபடி தண்ணீருக்குப் போனது. 1994 இன் வடிவமும் தண்ணீரோடு நின்றது. சுபாருவின் பயணம் எதிர்த்திசை. 1989 இன் லெகசி ஆர்எஸ் தண்ணீரோடு தொடங்கியது. 1992 இன் இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், பொனற்றில் மூக்குத் துளை வைத்து, எஞ்சின் மேலேயே காற்று வகையைப் படுக்கவைத்தது. அதே 1992 இல் பிறந்த லான்சர் எவலூஷன் தொடக்கத்திலிருந்தே முகப்பில் காற்று வகை. ஒரே ரலி வீதிகளில் மூன்று கம்பனிகளும் வென்றிருப்பதால், இந்த இனம் உயர்ந்தது அந்த இனம் தாழ்ந்தது என்ற தீர்ப்புக்கு இடமில்லை.

தண்ணீர் வகையின் உண்மையான பலம் அதன் களஞ்சியத்தில் இருக்கிறது. சுற்றில் பத்து லீற்றர் தண்ணீர் இருந்தால், மேற்சொன்ன 15 கிலோவாற்று பத்து விநாடி முழுவதாக இறங்கினாலும் தண்ணீர் நான்கு பாகைகூட ஏறாது. குறுகிய ஓட்டத்துக்கு இது வரப்பிரசாதம். ஆனால் முன் ரேடியேற்றர் சிறிதாக இருந்து, ஓட்டம் ஒரு நிமிடம் நீண்டால் இருபது பாகைக்கு மேல் ஏறிவிடும். ஏறிய தண்ணீர் இறங்குவதற்கும் அதேபோல் நேரம் எடுக்கும். காற்று வகையோ சீக்கிரம் சூடாகி, முகப்புக் காற்றுக் கிடைத்ததும் சீக்கிரம் ஆறிவிடும். கால் மைல் ஓட்டக்காரர்கள் தண்ணீர்த் தாங்கியில் ஐஸ் போடுவதன் கணக்கும் இதுதான்: ஐந்து கிலோ ஐஸ் உருகுவதற்கு மட்டும் 1,670 கிலோஜூல் விழுங்கும். மீன்பெட்டிக்கு வாங்கும் ஐஸே போதும், உப்புக் கலக்காதவரை. இதையே இயந்திரமாக்கியது 2018 இன் டொட்ஜ் டீமன். பந்தய நேரத்தில் ஏசியின் குளிரை சாரதியிடமிருந்து பறித்து இன்டர்கூலர் தண்ணீருக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு அதில் உண்டு.

தண்ணீர் வகையின் பலவீனங்கள் பேச்சில் குறைவாகவே வரும். பம்ப் நின்றுவிட்டால் சாரதிக்கு உடனே தெரியாது. எஞ்சின் சூட்டு முள் அசையாமல் இருக்க, உள்ளே போகும் காற்று மட்டும் நூறைத் தாண்டும். உள் கூட்டில் கசிவு ஏற்பட்டால் தண்ணீர் நேரே சிலிண்டருக்குள் போகும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் கொனெக்ரிங் றொட் வளையும். எஞ்சின் தண்ணீரையே இந்தச் சுற்றுக்கும் பகிர்ந்துகொடுக்கும் குறுக்குவழி அறவே ஆகாது: 90 பாகைத் தண்ணீரால் காற்றை 90 பாகைக்குக் கீழே இறக்க முடியாது. சுற்று தனியாகத்தான் இருக்க வேண்டும்.

முகப்பில் பூட்டும் பெரிய காற்று இன்டர்கூலருக்கும் ஒரு கணக்கு உண்டு. அதன் வழியாகச் சூடாகி வந்த காற்றுத்தான் ரேடியேற்றருக்குக் கிடைக்கிறது. இன்டர்கூலருக்கும் ரேடியேற்றருக்கும் பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் காற்று அந்த இடைவெளியால் நழுவிப்போகும். பம்பருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் அலுமினியத் தகட்டால் பெட்டி போல அடைத்துவிடுவது, இன்னும் தடித்த ரேடியேற்றர் வாங்குவதைவிடப் பல கார்களில் கூடுதல் பலன் தரும். செலவு ஒரு தகடும் கொஞ்சம் ரிவெற்றும்.

அன்றாடம் பள்ளிக்கும் கடைக்கும் போய், வெள்ளிக்கிழமை பின்னேரம் கல்முனைப் பக்கம் ஓட்டிப்பார்க்கும் காருக்கு அளவான காற்று வகையும் நல்ல ஃபேன் கூண்டும் போதும். எஞ்சின் அறையில் குழாய் போட இடமில்லாத காருக்கும், குறுகிய மலையேற்ற ஓட்டத்துக்கும் தண்ணீர் வகை நியாயமானது. நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மககஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்குக் காத்தான்குடியில் தயாரான கார் போனால், அங்கே குளிர் இருக்கிறது என்று நிம்மதியடைய முடியாது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், குளிர்ச்சியைக் கணக்கில் எடுத்த பின்னும், காற்று ஆறிலொரு பங்கு ஐதாக இருக்கும். குளிரால் கிடைக்கும் இலாபத்தை ஐதுக் காற்று ஏறக்குறைய முழுவதும் தின்றுவிடும். அதே பூஸ்ற்றை எட்ட டேர்போ கூடுதல் வேகத்தில் சுழல வேண்டியிருப்பதால் அதன் காற்றும் இன்னும் சூடாக வரும். ரேடியேற்றர் மூடி அமுக்கத்தைப் பிடிக்காவிட்டால் தண்ணீர் அங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும். 0.9 என்று அச்சிட்ட நல்ல மூடி, காத்தான்குடியில் கொதிநிலையைச் சுமார் 118 பாகைக்கு உயர்த்திவைக்கும். விலை குறைந்த அந்தச் சாமானின் இறப்பர் வாசர் காய்ந்துபோனதைக் கவனிக்காமல் ரேடியேற்றர் மாற்றிய கார்கள் ஏராளம்.

இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு எவலூஷன், இம்ப்ரெஸா எஸ்டீஐ வகைகள் சிலவற்றில் கம்பனியாலேயே பூட்டப்பட்டு, சாரதிக்கு ஒரு சுவிட்சும் தரப்பட்டிருந்தது. ஒரு லீற்றர் தண்ணீர் முழுவதும் ஆவியானால் 2,400 கிலோஜூல் வரை எடுத்துப்போகும்; ஐந்து கிலோ ஐஸைவிட அதிகம். கச்சான் வறண்ட காற்று என்பதால் ஆவியாதல் வேகமாக நடக்கும். ஊர் மிகவும் வேகும் நாளிலேயே இந்த உத்தி மிக நன்றாக வேலைசெய்யும் என்பது ஒரு சின்ன ஆறுதல். தெளிப்பது கிணற்றுத் தண்ணீராக இருந்தால் மட்டும், ஆவியான பின் உப்பு செட்டைகளில் வெள்ளையாகப் படிந்து, ஒரு பருவத்தில் காற்று வழியை அடைத்துவிடும்.

கிணற்றுத் தண்ணீரின் கதை ரேடியேற்றருக்குள் இன்னும் மோசம். மணல் திட்டின் ஆழமற்ற கிணறுகளில் கல்சியமும் குளோரைட்டும் கலந்திருக்கும். கல்சியம் சுண்ணாம்பாகப் படிந்து சூடு கடப்பதைத் தடுக்கும். குளோரைட் அலுமினியத்தில் ஊசிமுனைத் துளைகளைத் தோண்டும். மாற்றியமைத்த காரில் செப்பு, பித்தளை ரேடியேற்றர் போய் முழு அலுமினியம் வந்திருப்பதால் ஆபத்து இரட்டிக்கிறது. வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி என்பது வழக்கமான கலவை. இங்கே உறைபனி கிடையாதென்பதால் கூலன்ட்டை மூன்றிலொரு பங்காகக் குறைத்தாலும் அரிப்புத் தடுப்பு பெரும்பாலும் கிடைக்கும், தண்ணீரின் சூடு சுமக்கும் திறனும் கூடும். போத்தலில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களுக்குப் பொது நியமம் இல்லை. நிறம் ஒத்துப்போனதை நம்பி இரண்டு இனத்தைக் கலந்தால் களியாகிக் குழாய் அடைபடலாம். பற்றரிக் கடையில் வாங்கும் வடித்த தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்திலேயே அசிட் போத்தலும் நிற்கும்; லேபலை வாசிப்பது நல்லது.

புதிய சுற்றை நிரப்பியபின் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். மலைநாட்டில் காரை ஏற்றத்தில் மூக்கு உயர நிறுத்திச் செய்யும் வேலை இது. காத்தான்குடியில் ஏற்றமே கிடையாது. முன்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி, ஸ்ராண்டில் நிறுத்தி, மூடி திறந்தபடி குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கி, தெர்மோஸ்டற் திறந்து குமிழி அடங்கும்வரை ஓடவிட வேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் அமுக்கம் விட்ட கணத்தில் தண்ணீர் ஆவியாகி முகத்தில் அறையும்.

மாற்றம் பலித்ததா என்பதை நெடுந்தெருவின் வேகத்தில் சோதிப்பது அரைச் சோதனைதான். மத்தியான வெயிலில் ஏசி போட்டு இருபது நிமிடம் நின்ற நிலையில் ஓடவிடுவது, பிறகு பிரதான வீதியில் ஊர்ந்து போவது, அதன்பின் ஆரையம்பதி தாண்டிச் சீரான வேகம், கடைசியில் எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் தொடக்கிப் பார்ப்பது என்ற வரிசை எல்லாப் பலவீனத்தையும் வெளியே கொண்டுவரும். நின்றால் சூடேறி ஓடினால் ஆறுகிற கார், ஃபேனிலோ கூண்டிலோ குறையுள்ள கார். நின்றால் அமைதியாக இருந்து ஓட ஓட ஏறுகிற கார், தண்ணீர் ஓட்டத்திலோ ரேடியேற்றரின் கொள்ளளவிலோ குறையுள்ளது. எந்த வேகத்திலும் காரணமில்லாமல் ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட் கேஸ்கற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வெப்பச் சென்சர் வைத்தால், காற்று வகையும் தண்ணீர் வகையும் பற்றிய தேநீர்க்கடை விவாதம் இரண்டு எண்களில் முடிந்துவிடும்.

பழைய சுற்றிலிருந்து இறக்கிய கூலன்ட்டின் பெரும்பகுதி எதிலீன் கிளைக்கோல். இனிப்புச் சுவையுள்ள நஞ்சு அது. பூனையும் ஆடும் நக்கிக் குடிக்கும். கராஜ் வாசலின் மணலில் ஊற்றினால் சில அடி கீழே நிற்கும் நிலத்தடி நீருக்கும், பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் அது போய்ச் சேரும். மூடியுள்ள கானில் சேர்த்து, பெயர் எழுதி, பாவித்த ஒயில் பீப்பாவோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும்.